வெப்பமானி சாரின் பதில்

அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டு நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நான். அது அண்ணிக்குத் தெரியாது.

இணையக் கடை ஒன்றில், விற்கும் பொருளுக்குக் கீழே வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடம் இருக்கும். அங்கே வாணலி, அடுப்பு, தட்டு, கெட்டில் பற்றி 'வெப்பமானி' என்ற பெயரில் சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். பொருளைச் சூடாக்குவேன், ஆறவைப்பேன், எடை போடுவேன், என்ன ஆயிற்று என்று எழுதுவேன். அழகாக இருக்கிறது, அருமையாக இருக்கிறது என்றெல்லாம் எழுதுவதில்லை. அதனாலோ என்னவோ, படிக்கிறவர்கள் என்னை 'சார்' என்றே கூப்பிடுகிறார்கள். நான் திருத்தவில்லை. நேரில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அங்கேயாவது கேட்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

கேள்வியை அண்ணி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"வெப்பமானி சார், வணக்கம். எங்கள் வீட்டில் மூடி போட்ட கேஸ் கிரில் இருக்கிறது. கம்பித்தட்டு நாற்பத்தாறுக்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அதில் வைத்து பீட்சா சுட ஒரு கல் வேண்டும். கீழே உள்ள இரண்டில் எதை வாங்கலாம்? சனிக்கிழமை என் அப்பா அம்மா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நீங்கள் சொல்வதைத்தான் வாங்குவேன்."

அண்ணி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். என் பையில் இருந்த கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. நான் அடுத்த பூண்டை எடுத்தேன்.

கம்பித்தட்டின் அளவு சரியாக இருந்தது. என்னுடைய அளவு நாடாவை எடுத்துத்தான் அளந்திருந்தாள்.

அந்த கிரில்லை அண்ணன் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் சிமெண்டுத் தளத்தில் நிற்கிறது. வாங்கிய புதிதில் எல்லாமே ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் வந்தது. மூடியில் பதித்திருக்கும் முள்ளை நம்பிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் டைல்ஸ் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே தொடாமலே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. அதே மாதிரி ஒன்றை வாங்கிவந்து பார்த்தேன். இடப்பக்க பர்னர் வலப்பக்கத்தை விட நன்றாகவே அதிகம் எரிந்தது. இடப்பக்கத் திருகை எதுவரை திருப்பலாம் என்று வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எதுவும் கருகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் இடுக்கியோடு இடப்பக்கம் நிற்பான். நான் கருவியோடு வலப்பக்கம்.

"எவ்வளவு?" என்பான்.

"இருநூத்திப் பத்து" என்பேன்.

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதும். நான் பதில் சொல்லும்வரை யாராவது காத்திருக்கிற ஒரே கேள்வி அதுதான். மற்ற எல்லா இடத்திலும் நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும்.

அண்ணி வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தட்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் அண்ணி நின்றிருந்தாள். கையில் கருவி. யாரும் என்னைத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். நான் தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, துணிக்கொடியின் பக்கம் நின்றுகொண்டேன். அடுத்த வாரமும் அங்கேதான் நின்றேன். பிறகு அது என் இடம் ஆகிவிட்டது.

அண்ணி கருவியை மிகவும் தள்ளிப் பிடிக்கிறாள். தள்ளிப் பிடித்தால் அது கம்பித்தட்டை மட்டும் பார்க்காது. சுற்றியிருப்பதையும் சேர்த்துப் பார்த்து ஒரு சராசரியைச் சொல்லும். உண்மையான சூடு அதைவிட அதிகமாக இருக்கும். இதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவில்லை.

அண்ணியை வெறுக்கவும் முடியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வந்த முதல் வாரமே என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, மூக்கில் உட்காரும் சின்ன ரப்பர்களை இடுக்கியால் வளைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். "இத்தன நாளா மூக்கால தூக்கிக்கிட்டே திரிஞ்சிருக்க" என்றாள். அன்றிலிருந்து குனிந்தால்கூடக் கண்ணாடி சரிவதில்லை. பல ஆண்டுகளாகச் சரிந்துகொண்டிருந்த கண்ணாடி. நல்லவளாக இருப்பவள் மேல் பொறாமைப்படுவது, வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

வியாழக்கிழமை மாலை நாங்கள் நான்கு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"சார் இன்னும் பதில் போடல" என்றாள் அண்ணி. கைப்பேசியை மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"அந்தாளு என்ன உனக்குக் குடும்ப டாக்டரா?" என்றான் அண்ணன். "அந்த வெள்ளக் கல்லு அழகா இருக்குல்ல, ஓரத்துல இலையெல்லாம் போட்டு. அதையே வாங்கிடு."

"நீங்க சும்மா இருங்க. அவர் பேச்சக் கேக்காம நீங்க வாங்கின வாணலி என்ன ஆச்சு?"

"கைப்பிடி கழண்டுச்சு. அதுக்கு வாணலி என்ன பண்ணும்?"

"அவர் அதத்தான் எழுதியிருந்தாரு. கைப்பிடி கழலும்னு."

எழுதியிருந்தேன்தான்.

"எனக்கே பொறாமையா இருக்கும்மா" என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான். "கட்டின புருஷன் பேச்சுக்கு இந்த மரியாத இல்ல."

"நீங்களும் எட போட்டுப் பாத்துட்டுப் பேசுங்க. மரியாத தானா வரும்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தப் பையன் கல்யாணம் ஆனவனா?"

"எந்தப் பையன், அத்தை?"

"அதான், உங்க வெப்பமானி. நிதானமான பிள்ளையாத் தெரியுது. நம்ம வீட்லயும் ஒண்ணு பேசாம உக்காந்திருக்கு. கேட்டுப் பாக்கலாம்ல."

"கேட்டு?" என்றான் அண்ணன். "ரெண்டும் எதிரெதிர உக்காந்து ஒண்ணையொண்ணு சூடு பாத்துக்கிட்டே இருக்கும். வீட்ல குருவி வந்து கூடு கட்டிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த அண்ணன் என் பக்கம் திரும்பினான். சின்ன வயதிலிருந்தே அவன் என்னை ஊமைக்கோட்டான் என்பான். இப்போது சுருக்கிவிட்டான்.

"ஏய் கோட்டான். நீதான டைல்ஸ் கம்பெனியில இருக்க. உனக்குத் தெரியுமா, எது நல்லதுன்னு?"

தெரியும். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். வெள்ளைக் கல்லின் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சும் உள்ளே இருக்கும் மண்ணும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அதிலிருந்து தொடங்கலாம். அல்லது அட்டையில் 'வெப்பம் தாங்கும்' என்று போட்டிருக்கிறார்களே, அதிலிருந்து. எவ்வளவு வெப்பம் என்று போட்டிருந்தார்கள். எவ்வளவு வேகமாக ஏறும் வெப்பம் என்று போடவில்லை.

"பாவம், அவள எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க?" என்றாள் அண்ணி. "அவ பாக்கறது தரையில ஒட்டற டைல்ஸு. இது அடுப்புல வெக்கறது. வெப்பமானி சாரே சொல்லட்டும்."

அன்பாகத்தான் சொன்னாள். என் தோளில் கைகூட வைத்தாள்.

பேச்சு சனிக்கிழமை யார் யாருக்கு என்ன பிடிக்கும் என்பதற்குப் போய்விட்டது. நான் டீயைக் குடித்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. எனக்கு அண்ணி மேல் மட்டும் பொறாமை இல்லை. வெப்பமானி மேலும் பொறாமை. அவனுக்கு ஒரு வீடே காத்திருந்தது. அம்மா அவனுக்குப் பெண் கொடுக்கவும் தயாராக இருந்தாள்.

அறைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தேன். 'முதல் கல்லையே வாங்கலாம்' என்று தட்டினேன். முதல் கல் என்பது வெள்ளை. இலை போட்டது. அனுப்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் அப்பா அம்மா முன்னால் அது நடுவில் கோடு விழுந்து இரண்டாகும். மாவும் சீஸும் பர்னருக்குள் வழியும். புகை வரும். அண்ணன் கையில் இடுக்கியோடு திரும்பிப் பார்ப்பான். அண்ணியைப் பார்க்க மாட்டான். துணிக்கொடி பக்கம் பார்ப்பான்.

அந்தக் காட்சியை நான் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு எழுதியதை அழித்தேன். நல்ல குணத்தால் அல்ல. வெப்பமானி இதுவரை தப்பாக எதையும் எழுதியதில்லை. என்னிடம் அப்படி இருக்கிற ஒரே பெயர் அது.

வெள்ளிக்கிழமை காலை சோதனைக்கூடத்தில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. எங்கள் வேலை எளிது. டைல்ஸ் துண்டைச் சூளையில் வைத்துச் சூடாக்கி, எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுவோம். மேலே நீல மையைத் தடவித் துடைப்போம். விரிசல் இருந்தால் மை அதில் தங்கிவிடும். வெள்ளைக் கல்லைப் போலவே பூச்சு பூசிய பழைய தட்டுத் துண்டு ஒன்றை எடுத்தேன். சூளைக்குள் டைல்ஸை அடுக்குகிற பலகை உடைந்தால் அதன் துண்டுகளை ஒரு மூலையில் போட்டு வைப்பார்கள். அதிலும் ஒன்று எடுத்தேன். அண்ணி காட்டிய இரண்டாவது கல் அதே பொருள். கார்டியரைட். பழுப்பு மஞ்சள். பூச்சு இல்லை, இலை இல்லை, பார்க்கச் சகிக்காது. சூட்டில் அது விரிவது மிகக் கொஞ்சம்.

தட்டுத் துண்டு இரண்டாவது முறையிலேயே நீலச் சிலந்தி வலை காட்டியது. பலகைத் துண்டு எத்தனை முறை போட்டாலும் அப்படியே இருந்தது.

மேலாளர் அந்தப் பக்கமாக வந்தார். "என்னம்மா, புது ஆர்டர் எதுவும் வரலியே. யாருக்கு இது?"

"வீட்டுக்கு சார்."

"வீட்ல சூளை வெச்சிருக்கீங்களா?"

"அண்ணன் வெச்சிருக்கான் சார்."

அவர் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுப் போனார்.

மத்தியானம், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பதிலை எழுதினேன். 'இரண்டாவது கல்லை வாங்குங்கள். முதல் கல் மின்சார ஓவனில் மெதுவாகச் சூடானால் தாங்கலாம். கேஸ் தீயின் மேல் தாங்காது. இரண்டாவதில் பெரிய அளவு வேண்டாம். உங்கள் கம்பித்தட்டுக்கு முப்பத்தைந்து சென்டிமீட்டர் கல் போதும். நான்கு பக்கமும் இடம் விட்டால்தான் சூடு மேலே ஏறி மாவின் மேல்பக்கத்தையும் வேகவைக்கும்.'

எல்லாப் பதிலிலும் கடைசியில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பத்தி எழுதுவேன். இதிலும் எழுதினேன். 'கல்லைத் தண்ணீரில் கழுவக் கூடாது. இது தண்ணீரைக் குடிக்கும். நனைந்துவிட்டால் இரண்டு நாளாவது காயவிட்டுத்தான் சூடாக்க வேண்டும். கிரில் குளிர்ந்திருக்கும்போதே கல்லை வைத்து, சின்னத் தீயில் தொடங்குங்கள்.'

அந்தப் பத்தியை ஒரு முறை படித்தேன். பிறகு அழித்தேன்.

எதை வாங்கலாம் என்றுதான் அண்ணி கேட்டிருந்தாள். வாங்கியதை என்ன செய்வது என்று கேட்கவில்லை. எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. ஒரு பத்தியாவது வெப்பமானியிடம் போகாமல் என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை யாராவது என்னைக் கேட்பார்கள். அப்போது சொல்லலாம்.

மீதியை அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணி அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா அத்தை. சனிக்கிழமைக்குள்ள வேணும்னு நான் எழுதினத ஞாபகம் வெச்சு சொல்லியிருக்காரு. முப்பத்தஞ்சு போதும்னு அளவுகூடச் சொல்லிட்டாரு. ஆர்டர் போட்டுட்டேன், நாளைக்குக் காலையில வந்துரும்."

"குடும்பப் பொறுப்பு தெரிஞ்ச பிள்ள" என்றாள் அம்மா.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. பஸ் தாமதம். வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனபோது, சிமெண்டுத் தளத்தில் துணி துவைக்கிற பெரிய டப் இருந்தது. அதில் நுரை. அண்ணி முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லை டப்பிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? பாரு" என்றாள். "எத்தன பேர் கை பட்டு வந்ததோ, எந்த லாரியில கெடந்ததோ. அப்பா வேற ரொம்ப சுத்தம் பாப்பாரு. அதான் வந்ததுலேர்ந்து சோப்புத் தண்ணியில ஊறப் போட்டேன். இப்ப எப்படி இருக்கு, பளிச்சுனு?"

கல் கருத்திருந்தது. அண்ணி துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்து, வெயிலில் சுவரில் சாய்த்து வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பக்கம் மஞ்சளாக மாறத் தொடங்கியது. மேல்பக்கம் மட்டும்.

"அண்ணி" என்றேன்.

வாசலில் மணி அடித்தது. "ஐயோ, அதுக்குள்ள வந்துட்டாங்களா? நான் இன்னும் மொகம்கூடக் கழுவலியே" என்று அண்ணி புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஈர மண் நிறம். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு முறை யாரோ ஈரமான டைல்ஸ் ஒன்றைத் தெரியாமல் சூடான சூளைக்குள் வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் அதைப் பிளந்தது. கதவைத் திறந்த நேரத்தில் ஒரு சில்லு தெறித்து எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்தது. யாரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. அது அதிர்ஷ்டம்.

கல்லை இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

அண்ணியின் அப்பா உயரமானவர். அண்ணி பொருத்திக் கொடுத்த புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அண்ணியின் அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா காலையிலிருந்து மூன்று தடவை புடவை மாற்றியிருந்தாள். ஆனால் சும்மா இருந்த மாதிரி, "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்றாள்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் பின்பக்கம் வந்தோம். அண்ணன் கிரில்லை முழுத் தீயில் பற்றவைத்து மூடியை மூடியிருந்தான். பக்கத்து மேசையில், மாவு வட்டமாக விரிந்து தக்காளி பூசிக் காத்திருந்தது. கல் இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. இப்போது மேல்பக்கம் முழுவதும் காய்ந்த மஞ்சள்.

"கல்லுல சுடறதா?" என்றார் அண்ணியின் அப்பா. "பல்லுக்கு ஒண்ணும் ஆகாதே மாப்பிள்ள? இது ரெண்டும் சொந்தப் பல்லு இல்ல."

"கல்ல நீங்க சாப்பிட வேண்டாம் மாமா. மேல இருக்கறது மட்டும்தான்."

"உங்க பொண்ணு அந்தக் கல்லுக்காக ஒருத்தர் கிட்ட ரெண்டு நாளு காத்துக் கெடந்தா" என்றாள் அம்மா. அதையும் பெருமையாகவே சொன்னாள்.

அண்ணன் மூடியைத் திறந்தான். வெக்கை துணிக்கொடி வரை வந்தது. அண்ணி என் இடத்தில் நின்று கருவியை நீட்டினாள்.

"எவ்வளவு?"

"இருநூத்தி எண்பது."

தள்ளிப் பிடித்திருந்தாள். அது முந்நூறுக்கு மேல் இருக்கும்.

"போதும். கல்ல எடு."

அண்ணி கருவியை வைத்துவிட்டு, இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு கல்லைத் தூக்கினாள். எதிர்பார்த்ததை விடக் கனமாக இருந்திருக்கும். ஒரு முறை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். உடையட்டும் என்று நினைத்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. துணிக்கொடியைப் பிடித்தபடி, உடையட்டும், எல்லோர் முன்னாலும் உடையட்டும் என்று நினைத்தேன். அப்போது அண்ணியின் அப்பா, எப்படி வைக்கிறாள் என்று பார்க்க, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு கிரில்லின் மேல் குனிந்தார். அண்ணியும் குனிந்தாள்.

"வெக்காதீங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"அண்ணி, வெக்காதீங்க. மாமா, தள்ளி நில்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி கல்லைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா?"

"கல்லு ஈரமா இருக்கு. உள்ள தண்ணி இருக்கு. இந்தச் சூட்டுல வெச்சா வெடிச்சிரும்."

"காஞ்சுதான இருக்கு. தொட்டுப் பாரு."

"மேல காஞ்சிருக்கும். அடியில பாருங்க."

அண்ணன் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். விரலால் தேய்த்தும் பார்த்தான். "கொஞ்சம் ஈரம் இருக்குதான். அடுப்புல வெச்சா அதுவே காஞ்சிரப் போகுது. இதுக்குப் போயி இப்படியா பயமுறுத்தற?"

"சம்பந்தி முன்னால எதுக்குடி" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

அண்ணி கல்லை மேசை ஓரத்தில் இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு விளக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "கழுவக் கூடாதுன்னா வெப்பமானி சார் சொல்லியிருப்பாரும்மா. அவரு ஒண்ணையும் விட மாட்டாரு. ஒரு மூடியில எத்தன திருகு இருக்குன்னுகூட எழுதற மனுஷன். இவ்வளவு முக்கியமான விஷயத்த விடுவாரா?"

"விட்டுட்டாரு" என்றேன்.

"அது உனக்கு எப்படித் தெரியும் கோட்டான்?" என்றான் அண்ணன்.

பேச்சு நகர்ந்துவிடும் என்று காத்திருந்தேன். நகரவில்லை. அண்ணியின் அப்பா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். அண்ணி, கையில் சுற்றிய துணியோடு பார்த்தாள். கிரில் மட்டும் வீணாக எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என் பதிலுக்காக நின்றார்கள்.

"அந்தப் பத்திய நேத்து மத்தியானம் எழுதினேன் அண்ணி. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு அழிச்சிட்டேன்" என்றேன். "வெப்பமானி நான்தான்."